அஞ்சு பெட்டியும் என் கோலமும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நான்கு, நாத்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரும் சேர்ந்து ஆயுசுக்கும் போட்ட சத்தத்தை, கல்கத்தா டாக்குரியாவில் எங்கள் பக்கத்து அறையில் இருந்த ஒரே ஒரு மனுஷன் ஒரு சாயங்காலத்தில் போட்டுவிடுவார். உலகத்தில் அவரைப் போல் சத்தத்தை வீட்டுக்குள் கூட்டி வந்து, உட்காரவைத்து உபசாரம் செய்த ஆள் இன்னொருவர் கிடையாது. பந்தயம் கட்டுகிறேன்.

அவர் பெயர் வாடகைச் சீட்டில் ஏதோ எழுதியிருந்தது. எங்களுக்கு அவர் 'அஞ்சு பெட்டி'.

அலிப்பூரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. அவர் குடிவந்த அன்று ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், பிறகு ஸ்பீக்கர் பெட்டிகளாக வந்துகொண்டே இருந்தன. நான் நின்று எண்ணினேன். ஆறு.

"தம்பி, ஆறு இருக்கே. தூக்கிட்டு வர்றவங்க எல்லாரும் அஞ்சு அஞ்சுங்கிறாங்க?"

"அந்தக் குண்டுப் பெட்டி கணக்குல வராதுக்கா. அதை பாயிண்ட் ஒண்ணுன்னுதான் சொல்லுவாங்க."

இருப்பதிலேயே பெரியது அது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதிர்வது முழுக்க அதன் தலையில். ஆனாலும் கணக்கில் வராது, மூலையில் தரையில் உட்கார வேண்டும். அந்தப் பெட்டியோடு எனக்கு உடனே ஒரு சிநேகம் உண்டாகிவிட்டது.

இத்தனையும் பாட்டுக் கேட்க என்று நினைத்தோம். இல்லை. கம்ப்யூட்டரில் சுட்டு விளையாட. திரையில் ஒரு இடிந்த வீடு. அதற்குள் துப்பாக்கியோடு நாம் போக வேண்டும். எதிரி ஒளிந்திருப்பான். அவன் இடது பக்கம் பின்னால் நடந்தால் இடது பின் பெட்டியில் காலடி கேட்கும், வலது பக்கம் நடந்தால் வலது பெட்டியில். இதற்காக அறையில் இருந்த கட்டில் வராந்தாவுக்குப் போயிற்று. பின் பெட்டிகளில் ஒன்று அரிசி டின் மேல், ஒன்று சுருட்டிய மெத்தை மேல் ஏறிக்கொண்டது. நட்டநடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. மனுஷன் வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்தார். நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்களைப் பிடித்து உட்காரவைப்பார். பால்காரர், தபால்காரர், வழி தப்பி மாடி ஏறி வந்தவர், எவரும் தப்பமுடியாது.

"எந்தப் பக்கமா வருது? சொல்லுங்க, எந்தப் பக்கமா வருது?"

கேட்டுவிட்டு அவர் திரையைப் பார்க்கமாட்டார். உட்கார்ந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் எங்கள் மாடியில் எல்லோரும் வரிசையாகப் போய் உட்கார்ந்து, "ஆஹா, பின்னாலிருந்து வருகிறதே!" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு வந்தார்கள். என் வீட்டுக்காரரும் கொடுத்தார். அவர் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் முப்பது வருஷம் எஞ்சின்களுக்கு நடுவில் நின்று ஓய்வு பெற்றவர். நான் சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் காதில் விழும். அவருக்கும் காலடி பின்னாலிருந்து கேட்டதாம்.

கடைசியாக நான் போய் உட்கார்ந்தேன். அரை நிமிஷம் ஆயிற்று.

"பின்னாடி ஒண்ணும் கேக்கலையே தம்பி."

"நல்லா கேளுங்கக்கா. எல்லாருக்கும் கேட்டுச்சே."

"எல்லாருக்கும் கேட்டதைப் பத்தி எனக்கென்ன? எனக்குக் கேக்கலை."

அவர் குனிந்து பின்னால் பார்த்தார். பெருக்க வந்தவள் துடைப்பத்தால் இழுத்ததில் பின் பெட்டி இரண்டின் வயரும் கழன்று கிடந்தது. காலையிலிருந்து அப்படித்தான் கிடந்திருக்கிறது. அத்தனை சர்டிபிகேட்டும் ஊமைப் பெட்டிக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து அஞ்சு பெட்டிக்கு என் காது ஒன்றில்தான் நம்பிக்கை.

ஒரு நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார். கையில் நூல், வாயில் சாக்குக்கட்டி.

"எதைத் தொலைச்சீங்க?"

"நடு சென்டரைத் தேடுதேங்க்கா. நாற்காலியிலிருந்து அஞ்சு பெட்டியும் ஒரே தூரத்துல இருக்கணும். நூல் நழுவுது."

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் கோலத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. இருபத்தோரு புள்ளிக் கோலத்தை அளவுகோல் இல்லாமல் வைத்தால் ஒரு புள்ளி விலகாது. நான் போய் மாவுக் கிண்ணத்தை எடுத்து வந்தேன். வாசற்படிக்கு முதுகு காட்டி நின்றுதான் நான் எந்தக் கோலமும் போடுவேன். அப்படியே நின்று நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஐந்து புள்ளி. அவர் நூலைப் பிடித்து அளந்து பார்த்தார். பிறகு இன்னொரு தடவை அளந்தார்.

"அக்கா, நீங்க எஞ்சினியரா?"

இதை நான் மாடிக்கு மாடி போய்ச் சொன்னேன் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்தக் குண்டுப் பெட்டி தன் வேலையைக் காட்டிவிட்டது. கீழ் வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார். வங்காளிக் கிழவர். பெரியப்பா என்கிற அர்த்தத்தில் எல்லோரும் அவரை 'ஜேட்டு' என்போம். குண்டுப் பெட்டி இருந்த மூலைக்கு நேர் கீழே அவருடைய பூஜை அறை. அன்று மேலே அஞ்சு பெட்டி ஒரு பாலத்துக்கு வெடி வைத்திருக்கிறார். கீழே பித்தளைக் கோபாலன் மேடையில் தானாக நகர்ந்து விளிம்புவரை வந்துவிட்டானாம். ஜேட்டு மாடிப்படியில் நின்று கத்தினார்.

"ஷொர்போநாஷ்! சர்வநாசம்! என் கோபாலன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான்! அவன் போவதற்கு முன்னால் நீ போ!"

அஞ்சு பெட்டிக்கு முகம் செத்துப்போயிற்று. அது அவருக்கு ஐந்தாவது வீடு. முந்தைய நான்கிலும் இதே கதை. தனியாள், கூட ஆறு பெட்டி என்றால் டாக்குரியாவில் எவன் அறை கொடுப்பான்?

"இந்தத் தடவை தூக்கிட்டு அலைய மாட்டேங்க்கா. காலி பண்ணச் சொன்னா வித்துட்டு ஒரு மெஸ்ஸுல போயி ஒண்டிக்கிடுவேன்" என்றார். சொல்லும்போது பிரம்பு நாற்காலியைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான்தான் கீழே போய்ப் பேசினேன். ஜேட்டுவிடம் எங்கே தட்டினால் திறக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் தன்னை ஒரு பெரிய சங்கீத ரசிகர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். குளிர்காலத்தில் சால்வையும் குரங்குக் குல்லாவுமாகக் கச்சேரிக்குப் போவார். குல்லா இரண்டு காதையும் மூடியிருக்கும். பாடகர் ஸ்வரத்தை எட்டுவதற்கு அரை நொடி முன்பே இவர் ஆஹா சொல்லிவிடுவார்.

"ஜேட்டு, உங்களைப் போல காது உள்ளவர் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுவிட்டு, அப்புறம் போகச் சொல்லுங்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த உடைந்த வங்காளத்தில்.

ஜேட்டு தாடையைச் சொறிந்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். கேட்கிற மாதிரி இருந்தால் அறை இருக்கும், இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி. ஆனால் அதற்குள் அந்தக் குண்டுப் பெட்டி கோபாலன் தலைமேலிருந்து நகர வேண்டும்.

ஆகவே சனிக்கிழமை காலை அறையையே திருப்பிப் போட்டோம். உள் சுவரில் இருந்த திரையும் குண்டுப் பெட்டியும் வாசல் பக்கச் சுவருக்கு வந்தன. நாற்காலி எதிர்ப் பக்கம் திரும்பியது. மறுபடி கோலம். பின் பெட்டிகள் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால், "இடது பெட்டிக்கு வெள்ளைப் புள்ளி, வலதுக்குக் காவிப் புள்ளி வச்சிருங்கக்கா" என்றார். நான் வழக்கப்படி வாசற்படிக்கு முதுகு காட்டி நின்றேன், வைத்தேன். அவர் பெட்டிகளை அந்தப் புள்ளிகளில் வைத்தார்.

"அக்கா, ஒரு தடவை உக்காந்து கேட்டுச் சொல்லிருங்க."

அடுப்பில் ஜேட்டுவுக்கு வடை சுட எண்ணெய் வைத்திருந்தேன். அதுவல்ல காரணம், உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சுருக்கென்றது.

"என் கோலத்துக்குப் பரீட்சையா? ஒரு புள்ளி தப்பினதா சரித்திரம் உண்டா?"

"இல்லக்கா, சும்மா ஒரு தடவை..."

"சந்தேகமா இருந்தா நீங்களே உக்காந்து கேளுங்க. உங்களுக்குக் காது இல்லையா?"

அவர் சிரித்துக்கொண்டார். நான் வடை சுடப் போய்விட்டேன்.

பத்து மணிக்கு ஜேட்டு சால்வையோடு வந்தார். இரண்டு வடை சாப்பிட்டார். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் இரண்டு மாடிக் கூட்டம். அஞ்சு பெட்டி திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எதிரி எந்தப் பக்கமா வர்றான்னு நீங்க சொல்லுங்க, ஜேட்டு. நீங்க சொல்ற பக்கம் நான் சுடுவேன்."

காலடி கேட்டது. ஜேட்டுவின் தலை ஆடியது. "ஆஹா! டான் திகே! வலது பக்கம்!"

அஞ்சு பெட்டி வலது பக்கம் திரும்பினார். இடது பக்கத்திலிருந்து எதிரி வந்து சுட்டான். திரை சிவந்தது. செத்தார்.

"பரவாயில்லை, இன்னொரு தடவை."

"பா திகே! இடது! நிச்சயமாக இடது!"

இடது பக்கம் திரும்பினார். வலது பக்கத்திலிருந்து சுட்டான். மூன்றாவது தடவை ஒரு ஆகாய விமானம் முன்னால் இடது பக்கம் புறப்பட்டு, பின்னால் போகும்போது திடீரென்று வலது பக்கம் தாவியது. அதைப் பின்தொடர்ந்த ஜேட்டுவின் கழுத்து பாதி வழியில் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்றவர்கள் மட்டும் பழக்க தோஷத்தில் ஆஹா ஆஹா என்றார்கள்.

"உன் பெட்டி பொய் சொல்கிறது!" என்று ஜேட்டு கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இல்ல ஜேட்டு, பெட்டி சரியாத்தான் இருக்கு."

"அப்படியானால் என் காது தப்பா? ஐம்பது வருஷம் சங்கீதம் கேட்ட காது! வா, நீ உட்கார். நீ சொல் பார்ப்போம்."

அஞ்சு பெட்டியின் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். பெட்டி பெட்டியாகச் சத்தத்தைச் சோதிக்கும் விசை ஒன்று உண்டு. அதை ஜேட்டுவே தட்டினார்.

"எந்தப் பக்கம்?"

"வலது."

இன்னொரு தடவை. "வலது."

மறுபடியும். "வலது" என்றார். குரல் இறங்கிவிட்டது. ஐந்து பெட்டியும் சுற்றி நின்று கத்துகிறது, அவருக்கு எல்லாமே வலது. நான் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தேன். "தம்பி" என்றேன் மெதுவாக. திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து சொன்னேன். திரும்பவில்லை.

வராந்தாவில் எப்போதும் தன் இடது பக்கம் சுவரை ஒட்டும்படிதான் நிற்பார். படியில் இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்லாமல் போவார். சர்க்கார் உத்தியோகத் திமிர் என்று பேசிக்கொண்டோம். நானும் பேசினேன். காலையில் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. உங்களுக்குக் காது இல்லையா.

தலையைத் திருப்பிக்கொண்டேன். தரையில் வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டது. நாற்காலியில் இருப்பவருக்கு அது வலது பக்கம். போன தடவை திரை உள் சுவரில் இருந்தது, வாசலுக்கு முதுகு காட்டி நின்ற நானும் நாற்காலியும் ஒரே பக்கம் பார்த்தோம். இந்தத் தடவை நாற்காலி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் இடது அதற்கு வலது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. எஞ்சினியர் என்று நான் பீற்றிக்கொண்ட அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள்.

"தோஷ் ஆமார், ஜேட்டு" என்றேன். "தப்பு என்னுடையது. உங்கள் காதும் சரி, பெட்டியும் சரி. நான் புள்ளியை மாற்றி வைத்துவிட்டேன்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். மன்னித்துவிட்டேன், ஆனால் மறக்கவில்லை.

நானே பின் பெட்டிகளை இடம் மாற்றினேன். ஜேட்டு மறுபடி உட்கார்ந்தார். "பா திகே!" என்றார். அஞ்சு பெட்டி இடது பக்கம் திரும்பிச் சுட்டார். எதிரி விழுந்தான். அடுத்து வலது, அவனும் விழுந்தான். ஏழு பேர் விழுந்ததும் ஜேட்டு எழுந்து சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார்.

"நான் சொன்னேனே, என் காது சரியாக இருக்கிறது" என்றார். அறை நிலைத்தது. ஒரு நிபந்தனை, ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நாற்காலி அவருக்கு. பித்தளைக் கோபாலனுக்கு அவசரமாகப் பூ போட்டுவிட்டு எதிரி பிடிக்க மாடி ஏறி வந்துவிடுவார்.

அன்று சாயங்காலம் மீதி வடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தடவை அவருடைய வலது பக்கம் போய் நின்றேன்.

"ஏன் தம்பி சொல்லலை?"

"என்னத்தச் சொல்ல? சின்ன வயசுல காய்ச்சல் வந்து இடது காது போச்சு. ஒத்தக் காதுக்கு எல்லாச் சத்தமும் ஒரே பக்கந்தான்க்கா. பின்னாடி ஒருத்தன் வாரான்னு தெரியுறது எப்படி இருக்கும்னு பாக்கணும்னு ஆசை. அந்த நாற்காலியில ஒருத்தர உக்கார வச்சா, சட்டுன்னு திரும்பும் பாருங்க முகம்... அதுல தெரிஞ்சுக்கிடுவேன்."

சொல்லிவிட்டு வடையைக் கடித்தார். "உப்பு கம்மிக்கா" என்றார். திமிர் கொஞ்சம் உண்மையிலேயே இருந்தது.

நான்கு வருஷம் கழித்து மாற்றலாகிப் போனார். ஆறு பெட்டியையும் லாரியில் ஏற்றினார். குண்டுப் பெட்டிக்கு மட்டும் நான் என் பழைய போர்வையைச் சுற்றிக் கொடுத்தேன்.

இதை எழுத்துக்கூட்டி எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அடி பேத்தி ரம்யா, காதில் செருகியிருக்கும் அந்தப் பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு வந்து இதை ஒரு தடவை வாசித்துக் காட்டு. அந்தப் பக்கம் வேண்டாம், என் வலது பக்கம் நாற்காலியைப் போடு. எனக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்கிறது. யார் பேச வந்தாலும் வலது பக்கம் நாற்காலி போடுவது அந்த மனுஷன் இந்த வீட்டில் விட்டுப்போன பழக்கம்.