சாமி அலுமாரிக்குள் வைஃபை

இணையக் காவலர் என்றோர் இனம் உண்டு. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மாடிவீடுகளில் அடர்த்தியாக வாழ்கிறது; கொட்டாஞ்சேனையிலும் குறைவில்லை. அடையாளம் காண்பது சுலபம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனுக்குள்ளேயே கிடக்குதுகள்' என்று பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைத் தட்டச்சு செய்து நான்கு குழுக்களுக்கு அனுப்புவார். பிறகு எத்தனை பேர் கைகூப்பியிருக்கிறார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கொரு தடவை எடுத்துப் பார்ப்பார்.

இரத்தினசிங்கம் இந்த இனத்தில் முதல்தரம். இவர் வீட்டில் இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை இணையம் கிடையாது. சட்டம் போடுவது யாராலும் முடியும். அதைக் காப்பதல்லவா கெட்டித்தனம்? ரவுட்டரைக் கொண்டுபோய்ச் சாமி அலுமாரிக்குள் வைத்தார். பிள்ளையாருக்கு இடப்பக்கம் முருகன், வலப்பக்கம் ரவுட்டர். ஆறரைக்கு விளக்கேற்றி, தேவாரம் பாடி, திருநீறு பூசி, சரியாக ஏழுக்கு உள்ளே இருக்கும் மின் ஆளியை அணைத்து, கதவைப் பூட்டி, திறப்பை இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்பில் செருகிக்கொள்வார்.

பிறகு? ஏழரைக்குக் குளியலறைக்குப் போவார். போனோடு.

தன் போனில் டேட்டாவே போடுவதில்லை என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்த மனிதர், குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, கனடாவில் யாரோ வாங்கிய வீடு, முழங்கால் வலிக்கு முருங்கையிலை, நாளை உலகம் அழியுமா என்று முக்கால் மணி நேரம் சுற்றிவருவார். மனிதனுக்கு வயிற்றுக் கோளாறு என்று மனைவி ஜெகதீஸ்வரி இரண்டு வருடமாகச் சீரகத் தண்ணீர் அவித்துக் கொடுக்கிறாள்.

அந்த வியாழக்கிழமை எட்டு மணிக்கு மகள் உஷாந்திக்கு ஸூமில் நேர்முகம். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் முழுப் புலமைப்பரிசில். பதினேழு வயதில் ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் அவ்வளவுதான்.

"இப்பவே திறந்து விடுங்கோவன் அப்பா."

"ஏழு அம்பத்தஞ்சுக்குத் திறப்பன். சட்டம் எண்டால் சட்டம், பிள்ளை."

ஏழு நாற்பத்திரண்டுக்கு, வாளிமேல் இருந்தவரின் போனில், டொரன்டோத் தங்கை சுபோதினி குடும்பக் குழுவில் போட்ட செய்தி வந்து விழுந்தது. பெரியப்பா காலமாகிவிட்டார்.

அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். செய்தி அறிந்த கணத்திலிருந்து துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாளைக்கு விளக்கேற்றக்கூடாது. சாமி அலுமாரியைத் தொடவே கூடாது. அலுமாரிக்குள் பிள்ளையார். பிள்ளையாருக்குப் பக்கத்தில் மகளின் எதிர்காலம்.

செய்தியைச் சொன்னால் 'எதிலை பாத்தனீங்கள்' என்பார்கள். சொல்லாமல் அலுமாரியைத் தொட்டால் பாவம். மூன்றாவது வழியும் இருந்தது: தன் டேட்டாவை மகளுக்குத் திறந்துவிடலாம், அரை நிமிட வேலை. ஆனால் டேட்டா இருப்பது தெரிந்துவிடுமே! கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். ஜெகதீஸ்வரியிடம்?

கதவு அதிர்ந்தது. "அப்பா! அம்பத்தாறு ஆச்சு!" அழுகைக்குக் கிட்ட வந்த குரல்.

குழாயை மூடிவிட்டு வெளியே வந்தார்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"வயிறு."

மடிப்பிலிருந்து திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். பிள்ளையாரின் முகத்தைப் பாராமல் ஆளியைப் போட்டார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. உஷாந்தி அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். "குட் ஈவினிங்" என்று அவள் குரல் கேட்டபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஆனால், வைஃபை வந்தால் மகளுக்கு மட்டுமா வரும்? சமையலறையில் மனைவியின் போன் கிணுகிணுத்தது. கண்ணாடியைப் போட்டு வாசித்தவள், "ஐயோ, பெரிய மாமா!" என்று வாயைப் பொத்தினாள். திறந்து கிடந்த அலுமாரியைப் பார்த்தாள். சுபோதினியின் அடுத்த செய்தியை நிதானமாக, உரக்க வாசித்தாள்.

"'ஆர் ஆர் பாத்தது எண்டு பாத்தன். ரத்தினம் அண்ணா நான் போட்ட உடனையே பாத்திட்டார். ஒரு சொல்லும் எழுதேல்லை. பாவம், நல்லா உடைஞ்சு போனார் போலை.'"

போனை இறக்கினாள்.

"பாத்ரூமுக்குள்ளை ஆர் கொண்டுவந்து காட்டினது? உங்கடை பெரியப்பாவோ?"

மூடிய கதவுக்குள் மகள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: என் தந்தை கண்டிப்பானவர், எங்களுக்குச் சொல்வதை முதலில் தானே செய்பவர். மனப்பாடம் பண்ணிய பதில். எழுதிக்கொடுத்தவர் அவரேதான்.

நேர்முகம் நாற்பது நிமிடம். இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. ஒன்பது மணிக்குப் பழக்கதோஷத்தில் அலுமாரிப் பக்கம் நகர்ந்தவரை மனைவி தடுத்தாள்.

"தொடாதேங்கோ. துடக்கு."

ஆளியோ உள்ளே. ஆகவே அந்த வீட்டில் முப்பத்தொரு நாள், இரவு பகலாக, தடையே இல்லாமல் இணையம் ஓடியது. சீரகத் தண்ணீர் மட்டும் நின்றுபோனது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதை எங்கே இருந்து வாசிக்கிறீர்கள்? குழாய்ச் சத்தம் கேட்கிறதே. தண்ணீர் வீணாகிறது, மூடிவிட்டு வெளியே வாருங்கள். பிள்ளை நெடுநேரமாகக் கதவைத் தட்டுகிறது.