அயற்கூற்று வாத்தியார்

"அந்த யெர்மோலாய்கிட்ட போய்ச் சொல்லுங்க வாத்தியாரே, அவன் கருவாட்டு நாத்தம் தாங்கலைன்னு," என்றாள் கபிதோலினா அம்மாள்.

பக்கத்து அறைக்காரரான யெர்மோலாயோடு அவள் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. பெர்ம் நகரத்தின் அந்தப் பழைய கூட்டுக் குடியிருப்பில் சமையலறை மட்டும் எல்லாருக்கும் பொது. அவளிடம் வாடகைக்கு இருந்த பாவத்துக்கு, தூது போகும் வேலை வெனியமின் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ரஷ்ய இலக்கணம் நடத்துபவர். அடுத்தவர் சொன்னதைச் சொல்லும்போது அர்த்தத்தைத் தொடாதே என்று அயற்கூற்றுப் பாடத்தில் மேஜையைத் தட்டிச் சொல்பவர். அப்படியே போய்ச் சொன்னார்.

மறுநாள் விடியுமுன் யெர்மோலாய் வாணலியைப் போட்டு டங்கு டங்கென்று அடித்தார்.

"இது ஓயலைன்னா ரூமை வித்துட்டு மக வீட்டுக்கே போயிடுவேன்," என்றாள் அம்மாள்.

ரூமை விற்றால் வெனியமினும் காலி செய்ய வேண்டியதுதான். இந்தப் பனியில் பெட்டி படுக்கையோடு எங்கே போவது? இலக்கணமாவது மண்ணாவது என்று முடிவு கட்டினார்.

"உங்க கருவாட்டு வாசம் ஆளை இழுக்குதாம்," என்றார் யெர்மோலாயிடம்.

உடனே ஒரு தட்டு நிறையக் கருவாடு வந்தது.

"குப்பைல கொட்டுங்க," என்றாள் அம்மாள்.

வெனியமினே உட்கார்ந்து தின்று தீர்த்தார். "தட்டை வழிச்சு நக்கிட்டாங்க," என்று போய்ச் சொன்னார். அதன்பிறகு அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தினமும் மீன் காய்ந்தது.

"அவன் மூஞ்சில முழிக்கவே பிடிக்கலைன்னு சொல்லுங்க."

"உங்களை நேர்ல பாக்கக் கூச்சமா இருக்காம்."

யெர்மோலாய்க்கு வெகுநேரம் இருமல் வந்தது. சாயங்காலம் நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு பூங்கொத்தோடு வந்து, அதை வெனியமினிடம் நீட்டினார்.

"அவங்களைக் கட்டிக்க ஆசைப்படறேன் வாத்தியாரே. கேட்டுச் சொல்லுங்க."

பூக்கள் இரட்டைப்படையில் இருந்தன. அந்த ஊரில் சாவுக்குத்தான் அப்படிக் கொண்டுபோவார்கள். வெனியமின் ஒன்றை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு, போகத் தைரியமில்லாமல் சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி அறையில் குடியிருக்கும் நர்ஸ் ரயீசா தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். "என்ன வாத்தியாரே, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு?"

அவர் எல்லாவற்றையும் கொட்டினார். "எப்படிச் சொன்னாலும் இனிமே மாட்டிக்குவேன். என்னை வெளிய தள்ளிடுவாங்க."

"உங்களையா? அம்மா ரூமுக்கும் அவர் ரூமுக்கும் நடுவுல இருக்கறது வெறும் பலகை. ஒரு ரூம்ல சொல்றது அப்படியே இன்னொரு ரூம்ல கேக்கும். நீங்க குடிவந்ததிலேர்ந்து ரெண்டு பேரும் டிவியே போடறதில்ல."