வியாழனுக்கு வலப்பக்கம் மூன்று

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் மகள், மாப்பிள்ளை, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும், என் மேல் நீங்கள் வைத்திருக்கும் கோபமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். சொல்வது நான், எழுதுவது உங்கள் மகள். சில வார்த்தைகளை எழுத மாட்டேன் என்கிறாள். அங்கே கோடு போட்டிருந்தால் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நீங்கள் போனை எடுப்பதில்லை. மகள் கூப்பிட்டால் எடுக்கிறீர்கள், பின்னால் நான் இருமினால் வைத்துவிடுகிறீர்கள். அடுத்த வாரம் இங்கே வந்து கண் ஆபரேஷன் செய்துகொண்டு, எங்கள் வீட்டிலேயே தங்கித் தேறுவதாக இருந்த ஏற்பாட்டையும் வேண்டாம் என்றுவிட்டீர்கள். "என் கண்ணு பழுதுன்னு சொன்ன மனுஷன் வீட்ல நான் கட்டுப் போட்டுக்கிட்டுப் படுக்கணுமா?" என்று கேட்டீர்களாம். அன்றிலிருந்து உங்கள் மகள் என்னோடு அளந்துதான் பேசுகிறாள். டாக்டரோ, இன்னும் தள்ளிப்போட்டால் அந்தக் கண் கைவிட்டுப் போகும் என்கிறார். ஆகையால் அன்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அன்று நன்றாக இருட்டினதும் வழக்கம்போல வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே கட்டிலைப் போட்டு, நீங்கள் வாங்கித் தந்த பைனாகுலரோடு மல்லாந்தேன். கொடியில் ஈரமான படுக்கை விரிப்பு, அதன் சோப்பு வாசனை. பக்கத்து வீட்டு விளக்கு அணைந்ததும் வானம் நாலடி கீழே இறங்கி வந்துவிட்டது. லாரி ஓட்டின காலத்தில் பஞ்சு லோடு மேலே படுத்து, கண் சிமிட்டாத ஒன்றையே பார்த்துக்கொண்டு தூங்கிப்போவேன். அதற்குப் பேர் வியாழன், அதற்கும் நிலாக்கள் உண்டு என்று இந்த வயசில் எனக்குச் சொன்னவர் நீங்கள்தான், அதை நான் மறக்கவில்லை. பைனாகுலரைக் கையில் பிடித்தால் என் நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் வியாழன் ஒரு துள்ளு துள்ளும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் அதுவும் நிற்கும். நின்றதும் பக்கத்தில் ஊசியால் குத்தின மாதிரி நிலாக்கள், ஒரே கோட்டில். போன் ஸ்பீக்கரில் என் நெஞ்சு மேல் கிடந்தது. அந்தப் பக்கம் உங்கள் மொட்டைமாடியில், பிளாஸ்டிக் குழாயில் நீங்களே லென்ஸ் பொருத்திச் செய்த டெலஸ்கோப்போடு நீங்கள்.

"சம்பந்தி, வலது பக்கம் மூணு, இடது பக்கம் ஒண்ணு," என்றேன்.

"இல்ல சம்பந்தி. இடது பக்கம் மூணு, வலது பக்கம் ஒண்ணு. நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பார்க்கிறேன். நீங்க எந்தக் கையில சாப்பிடுவீங்க?"

"வலது கையில."

"அந்தப் பக்கம்தான் மூணு."

"சம்பந்தி, நாப்பது வருஷம் கடிகாரத்துக்குள்ள மயிரிழையைப் பார்த்துப் பொருத்தின கண்ணு இது."

"போன தடவை கொக்கியில தொங்கின மழைக்கோட்டைப் பார்த்து, எப்ப வந்தீங்க மாப்பிள்ளைன்னு கேட்டதும் இதே கண்ணுதானே?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. அந்தக் கோட்டுக்கு நீங்கள் நாற்காலி போட்டதையும் சேர்த்துச் சொன்னது அதைவிடத் தப்பு. "நான் ரெண்டு கண்ணால பார்க்கிறவன், நீங்க ஒத்தக் கண்ணால பார்க்கிற _____" என்றேன். போன் என் நெஞ்சு மேலேயே அணைந்துபோனது.

மனசு சரியில்லாமல் அப்படியே கிடந்தேன். விரிப்பிலிருந்து ஒரு சொட்டு மூக்கு மேல் விழுந்தது. இன்னொன்று விழுவதற்குள் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டுத் திரும்பிப் படுத்து, மறுபடி பைனாகுலரை வைத்தேன். சம்பந்தி, மூன்று நிலாவும் இடது பக்கம் போய் உட்கார்ந்திருந்தன. உலகமே சத்தமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்ற மாதிரி இருந்தது. நான் கீழே படுத்துக்கொண்டு மேலே பார்க்கிறேனா, மேலே ஒட்டிக்கொண்டு கீழே பார்க்கிறேனா என்று தெரியவில்லை. விழுந்துவிடுவேனோ என்று கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பயமில்லை, விழுந்தாலும் மெதுவாகத்தான் விழுவேன் என்று தோன்றியது. துணி எடுக்க வந்த உங்கள் மகள், "என்ன மாமா, கட்டில் ஓடுதா?" என்று கேட்டாள்.

பைனாகுலருக்குள் படத்தை நிமிர்த்திக் கொடுக்க வேறு கண்ணாடி இருக்கிறதாம், நீங்கள் செய்த குழாயில் அது இல்லாததால் எல்லாம் தலைகீழாகத்தான் விழுமாம். உங்கள் மாப்பிள்ளை பிறகு விளக்கினான். தலைகீழாக்கினாலும் ஒரே மாதிரி இருக்கிற உருண்டைச் சாமானையே பார்த்துக்கொண்டிருந்த நமக்கு இது எப்படித் தெரியும்? உடனே உங்களைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரே மேகம், வானத்தையும் காட்ட முடியவில்லை.

ஆகவே நீங்கள் பார்த்தது சரி, நான் பார்த்ததும் சரி. இன்னொன்றும் யோசியுங்கள். டெலஸ்கோப்பில் நீங்கள் வைத்தது வலது கண். டாக்டர் கேட்பது இடது கண்ணை. மழைக்கோட்டை மாப்பிள்ளை ஆக்கினதும் அந்த இடதுதான். அவமானம் வலதுக்கு, ரோஷம் இடதுக்கா? அது பாவம், ஒன்றும் பேசவில்லை. அதை மட்டுமாவது அனுப்பி வையுங்கள், கூடவே நீங்களும் வாருங்கள். என் கண் இந்த வயசிலும் கண்ணாடி கேட்காத கண். தூரத்து லாரி வருகிறதா போகிறதா என்று விளக்கை வைத்தே சொல்லுவேன். கட்டு அவிழ்க்கிற வரைக்கும் நான் பார்த்து உங்களுக்கு வாயால் சொல்கிறேன்.

உங்கள் மொட்டைமாடிப் படி ஈரமில்லாமலும், வானம் மேகமில்லாமலும், மனசு என் மேல் வருத்தமில்லாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் சம்பந்தி.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மேகம் விலகிவிட்டது. போய்ப் பார்த்தேன், நிலா மொத்தமே மூன்றுதான் இருந்தது. ஒன்று வியாழனுக்குப் பின்னால் போயிருக்கும் என்றேன். உங்கள் மகள் வாங்கிப் பார்த்து, "நாலு இருக்கே மாமா," என்றாள். பிறகு என் இடது கண்ணைக் கையால் பொத்தி, "இப்ப சொல்லுங்க," என்றாள். வியாழன் இருந்த இடத்தில் பஞ்சு மூட்டை இருந்தது. வலதைப் பொத்தினாள், நாலாவது மெல்ல வந்து நின்றது. இரண்டு கண்ணால் பார்க்கிறவன், கண்ணாடி கேட்காத கண் என்று மேலே சொன்னதையெல்லாம் அடித்துவிடச் சொன்னேன், இருக்கட்டும் என்கிறாள். டாக்டரிடம் இரண்டு பேருக்கும் சேர்த்தே நாள் கேட்டுவிட்டாள். எனக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது சம்பந்தி. கட்டுப் போட்டதும் என்னிடம் இடது இருக்கும், உங்களிடம் வலது இருக்கும். தலையோடு தலையை ஒட்டிக்கொண்டால் ஒரு பைனாகுலருக்குச் சரியாக வரும்.