நாறாத சாக்ஸ்

இனி தினமும் காலையில் ஓடுவது என்று சபதம் எடுத்தேன். ஓடுவதென்றால் வீட்டை விட்டு, தெருக்கோடி பேக்கரி வரைக்கும். அங்கே பெஞ்சில் எங்கள் தெருத் தையல்காரர் எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பார். ஒரு டீ, ஒரு பன், என் மனைவி வேலை ஏவாத ஒரு மணி நேரம். இந்த ஜென்மத்தில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான். திரும்பும்போது குழாயடியில் சட்டையைக் கொஞ்சம் நனைத்துக்கொள்வேன். வியர்வை ரெடி.

ஒருநாள் துணி துவைக்கப் போனவள், என் சாக்ஸை மூக்கருகே பிடித்தபடி திரும்பி வந்தாள்.

"என்னங்க, இத்தனை நாளா ஓடறீங்க. இது நாறவே இல்லையே?"

"என் பாதம் அப்படி."

"அந்தப் பாதத்தோடதானே குடித்தனம் நடத்தறேன். எனக்குத் தெரியாதா?"

பெஞ்சு போய்விடுமே. மூளையைக் கசக்கினேன். மறுநாள் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, நொண்டியபடி வீட்டுக்குள் நுழைந்தேன். ஓடாதவனுக்குக் கொப்புளம் வருமா? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஐயோ, ஷூ கடிச்சிடுச்சா? காட்டுங்க."

"பிரிச்சா தோல் உரிஞ்சிடும். வேண்டாம்."

அவள் வற்புறுத்தவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தாள். ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்தாள். விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாதென்று பவுடர் போட்டாள். ஓரத்தில் வளைத்து வெட்டினால் சதைக்குள் குத்துமாம், நகத்தை நேராக வெட்டினாள். கல்யாணத்தன்றுகூட என் கால்களுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. மாப்பிள்ளை முறுக்கோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.

"ஆறற வரைக்கும் ஷூ போடக் கூடாது. வாசப்படி தாண்டக் கூடாது."

"நாளைக்கே ஆறிடும்மா."

"ஆறிடுச்சான்னு நான் பாத்துச் சொல்றேன்."

"அப்ப ஷூ?"

"அவ்வளவு விலை குடுத்து வாங்கினது சும்மா கிடக்கணுமா? ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டா எனக்குச் சரியா இருக்கும். காலையில நான் ஓடிட்டு வரேன். நீங்க உக்காந்த இடத்துலயே காய் நறுக்குங்க, துணி துவைங்க. கையில கொப்புளம் இல்லையே?"

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டாள். நான் வெங்காயம் உரித்தேன். கண்ணீருக்குக் காரணம் வெங்காயம் மட்டும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து, முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பினாள்.

"தையல்காரர் உங்களை ரொம்ப விசாரிச்சாருங்க. பாவம், பேச ஆளில்லாம தவிச்சுப் போயிட்டாராம்."

அவரை எங்கே பார்த்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால், அவர் ஏன் உங்களைத் தேடுகிறார் என்று திருப்பிக் கேட்பாள்.

துணியை ஊற வைக்கப் போனபோது, அவள் கழற்றிப் போட்ட சாக்ஸை எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்தேன்.

நாறவே இல்லை.