இ-ரீடரில் மை பார்த்த கதை

ஆர்.எஸ்.மங்கலம்,
செவ்வாய்க்கிழமை.

பாசமிகு மைத்துனர் வேல்ராஜ் அவர்களின் சமுகத்துக்கு, உங்கள் அக்காவைக் கட்டிய புண்ணியத்தால் மச்சானாகிப்போன உக்கிரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் கண்மாயில் தண்ணீருக்கும் என் ரத்தத்தில் சர்க்கரைக்கும் குறைவில்லை. அவ்விடம் சென்னையில் நீங்களும் தங்கச்சி பானுப்பிரியாவும், தண்ணி லாரி வருகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் சமாதானமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மரியாதை இதோடு போதும் மாப்ள. போனில் பேசாமல் எதற்குத் தபால் என்று நினைப்பாய். நம் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது உன் அக்கா ராமலெட்சுமியின் சட்டம். இது அவள் காதுக்குப் போகக் கூடாத சங்கதி. நீ வெள்ளிக்கிழமை ஊருக்கு வரும்போது எனக்கு ஒரு இ-ரீடர் வாங்கி வர வேண்டும். புத்தகம் படிப்பதற்கென்றே இருக்கிற சிலேட்டு மாதிரியான சாமான். எனக்கு இப்போது அச்சு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரித் தெரிகிறது. புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, இனிமேல் தள்ள எனக்குக் கை நீளம் பத்தாது. ஒரு நாவலை முடித்து மாதக்கணக்காகிறது மாப்ள, சோறு இறங்கமாட்டேங்குது. போனில் படிக்கலாம் என்றால், கதாநாயகி கிணற்றுப் பக்கம் போகிற நேரம் பார்த்து எவனாவது ரோஜாப்பூப் போட்டுக் குட்மார்னிங் அனுப்புகிறான். அவள் விழுந்தாளா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அக்காவிடம் கேட்டேன். “அலமாரியில இருக்கறதப் பூராம் படிச்சு முடிங்க, பெறகு பாப்போம்”னுட்டா. அலமாரியிலிருப்பதில் பாதியைக் கரையான் எனக்கு முந்தியே படித்து முடித்துவிட்டது என்று சொன்னதற்கு, அது உங்களவிடக் கெட்டி என்றாள்.

அதனால் பாம்பனில் இருக்கிற என் கூட்டாளி டென்னிஸிடம் போனேன். அவனுக்கு அவன் மகள் கிறிஸ்டினா குவைத்திலிருந்து ஒன்று அனுப்பியிருக்கிறாள். “ஏலே பாண்டி, இது கடல்ல விழுந்து எடுத்தது, இன்னும் ஓடுது. ஒரு வாரம் வச்சுப் பாரு, பிடிச்சா புதுசா ஒண்ணு வாங்கிக்க”ன்னு கையில் கொடுத்துவிட்டான். ஐயோ மாப்ள, அதை என்னவென்று சொல்வேன்! எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், நான் பக்கத்துக்கு நாலே வரி வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் மொட்டை வெயிலில் பிடித்தாலும் பளிச்சென்று தெரிகிறது, ராமநாதபுரம் போய் இறங்குவதற்குள் அரை நாவல் காலி! சார்ஜ் போட்டால் ஒரு அமாவாசைக்குப் போட்டது அடுத்த அமாவாசை வரைக்கும் நிற்கும் என்கிறான். ஒரே குறை, உறையில் கருவாட்டு வாசம். நான் படிக்க உட்கார்ந்தால் தெருவிலிருக்கிற பூனையெல்லாம் கதை கேட்க வந்துவிடுகிறது.

இந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? சீனி முகம்மது டீக்கடையில் நாலு பேருக்கு விளக்கம் கொடுத்தேன். “போன் மாதிரி இது கண்ணுல வெளிச்சம் அடிக்காதுப்பா. உள்ள இருக்கறது மை. அந்த மையிலதான் எல்லாம் தெரியும்”னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர்களுக்குப் புரிந்தது, வெற்றிலையில் மை தடவிக் காணாமல் போன சாமான் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்களே, அந்த மை!

மறுநாள் காலையில் வாசலில் இருளம்மாள். நம் தெருக்கோடியில் ஆடு வளர்க்கிற அதே இருளம்மாள்தான். கையில் வெற்றிலை பாக்கு, தேங்காய்.

“தம்பி, எங்க செவலக் கிடாயக் காணோம். மையில பாத்துச் சொல்லு.”

“அக்கா, இது கதப் புஸ்தகம்.”

“எல்லாவனும் முதல்ல அப்படித்தேன் சொல்லுவான். தேங்கா பத்தாதா?”

நிரூபிப்போம் என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அந்தச் சனியன் பக்கம் மாறும்போது ஒரு தடவை முழுக்கக் கருத்துப் பிறகு வெளுக்கும். இருளம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “என்ன தெரியுது, வாசி வாசி!” என்றாள். நானும் கிறுக்கன் மாதிரி, இருந்ததை வாசித்தேன்: ‘கிழக்கே அந்தப் பெரிய கதவு பூட்டிக் கிடந்தது.’ அடுத்த வரியில் மீசைக்காரன் ஒருவன் வருகிறான், அவள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. நேரே கிழக்குத் தெருக் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பூட்டைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். உள்ளே கிடாய், முகூர்த்தத்துக்குக் கட்டின வாழைமரம் இரண்டையும் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறது!

அன்றிலிருந்து வாசலில் கூட்டம். கொலுசு, கோழி, சைக்கிள், ஒருத்திக்குப் புருஷன். நான் மறுக்க மறுக்க, “நல்ல மை பாக்குறவரு இப்படித்தேன் மறுப்பாரு”ங்கிறார்கள். உன் அக்கா என்னை ஒரு தினுசாய் மரியாதையோடு பார்க்கிறாள் மாப்ள. கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. நேற்று அவளே சொல்லிவிட்டாள்: “எரவல் மை எதுக்குங்க? நமக்குன்னு ஒண்ணு வாங்கிப்புடுங்க.” இது கதைப்புத்தகம்தான் என்று நான் உண்மையைப் போட்டு உடைத்தால் அன்றைக்கே உத்தரவு ரத்தாகும். அதனால்தான் இந்த ரகசியத் தபால். அவள் கேட்டால் நீயும் மை என்றே சொல்.

ஆறு அங்குலம் சட்டைப்பையில் அடங்கும், ஆனால் என் எழுத்து அளவுக்கு வரிக்கு ஒரு வார்த்தைதான் நிற்கும். ஆகவே ஏழு அங்குலமே வாங்கு. தண்ணீர் பட்டாலும் கெடாததாக இருக்கட்டும். கலர் வேண்டாம், கதைக்குக் கருப்பு வெள்ளை போதும். தமிழ் எழுத்துக் கொம்பும் சுழியும் உடையாமல் வருகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாய்ப் படித்து, எங்கள் இருவர் கண்ணையும்விட நல்ல கண்ணோடு இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஏழு அங்குலத்தை எதிர்பார்த்து,
உக்கிரபாண்டி

பி.கு.: மாப்ள, உறையை ஒட்டுவதற்கு முன்னால் அக்கா வந்து, “கலர்லயே வாங்கிருங்க, ஆளு முகம் தெளிவாத் தெரியும்”னா. யார் முகமடி என்றேன். உங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அவள் கொண்டுவந்து, திரும்பி வராமல் போன வெள்ளிக் கும்பாவை முதல் பூசையிலேயே மையில் பார்க்கப்போகிறாளாம். “எனக்கு ஒரு ஆளு மேல சந்தேகம் இருக்கு, தம்பியையும் பக்கத்துலயே உக்கார வச்சுக்கிருவோம்”கிறாள். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. முதலில் தங்கச்சியிடம் பக்குவமாகக் கேட்டு, உங்கள் அடுக்களையைப் பார். கும்பா இல்லையென்றால் ஏழு அங்குலம். இருந்தால், இ-ரீடரும் வேண்டாம், நீயும் வெள்ளிக்கிழமை வர வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி மட்டும் கூரியரில் அனுப்பிவிடு.