இடது ஷூவில் இருந்த கடிதம்

"என் ஷூ எங்கே?"

தபால்காரர் போட்ட சத்தத்தில், யாத்ரீகர் விடுதியின் சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த எட்டுப் பேரும் கையில் ரொட்டியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"அடுப்புக்கிட்ட காயுது. நேத்து மழையில ஊறிப்போச்சு. உள்ளே இருக்கிற அட்டையை உருவிட்டுப் பழைய பேப்பரைத் திணிக்கப் போறேன்," என்றாள் மனைவி.

"நீ எதுக்கு? நான் பார்த்துக்கிறேன்!"

"கல்யாணமாகி முப்பத்து மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் ஷூ மேல இவ்வளவு பாசம் வந்திருக்கு!"

அவர் அதற்குள் வெறுங்காலோடு அடுப்படிக்கு ஓடிவிட்டார். இடது ஷூவின் உள்ளட்டைக்குக் கீழே, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பழைய உறை இருந்தது. அதை வைத்ததால் பதினோரு நாளாகக் குதிகாலில் ஒரு கொப்புளம். வலித்தால் வலிக்கட்டும், தனக்கு இது தேவைதான் என்று அவரும் விட்டுவிட்டார்.

வந்த கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கும் மேசையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர் அவர். அந்த ஊருக்கு வந்த கடிதம் ஒன்றுகூட அவர் கையில் தவறியதில்லை. இந்த ஒன்றைத் தவிர.

கல்யாணமாகி இரண்டாம் வருடம், அவர் மனைவி தொலைதூர ஊர்ப் பள்ளி ஒன்றுக்குப் பாட்டு டீச்சர் வேலை கேட்டு எழுதிப்போட்டாள். கோவிலில் அவள் பாடினால் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள், அப்படி ஒரு குரல். பள்ளியின் பதில் வந்து விழுந்தது அவர் மேசையில்தான். வேலை கிடைத்தால் அங்கேயே விடுதியில் தங்க வேண்டும், மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வரலாம். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். உறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், பாவம் நடந்து முடிந்துவிட்டது.

தினமும் மதியம் தபால் வரும் நேரத்துக்கு அவள் வாசலில் போய் நின்றாள். ஒரு மாதம் நின்றாள். பிறகு ஒருநாள் நிற்பதை விட்டுவிட்டாள். அவர் நெஞ்சை அறுத்தது அவள் நின்றது அல்ல, விட்டதுதான். மறுநாள் விடிந்ததும் எழுந்து, டீ போட்டு, அவள் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். இன்றுவரை ஒருநாள் தவறவில்லை. "உனக்கு வாய்ச்சது தங்கம்," என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளிடம் சொல்லும்போதெல்லாம், அந்தத் தங்கம் சமையலறையில் கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருக்கும்.

உறையை அவர் பிரிக்கவும் இல்லை. ஒளித்தது ஒரு பாவம், பிரித்தால் இரண்டு பாவம் ஆகிவிடும் என்ற பயம். அடுத்தவர் பெயர் எழுதிய உறையைப் பிரிப்பது அவர் தொழிலில் கொலைக்குச் சமம். பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா பசையைக் கரண்டியால் அள்ளி அப்பியிருக்க வேண்டும், ஒட்டின இடம் மேடும் பள்ளமுமாக இருந்தது.

செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில், மாதா கோவில் பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னார். "மனைவியிடம் நீயே வாயைத் திறந்து சொல். அதுதான் உனக்குப் பரிகாரம்," என்றார் சாமியார். அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார். நான்கு சாமியார்கள் மாறினார்கள். நால்வரும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டது போல அதையேதான் சொன்னார்கள்.

அதனால்தான் இந்தப் பன்னிரண்டு நாள் நடைப்பயணம். கடைசி நாள் மலை ஏறினால் உச்சியில் பெரிய சிலுவை. வீட்டிலிருந்து சுமந்து வந்த கல்லை அதன் அடியில் வைத்துவிட்டு, மறுபக்க வழியாக இறங்கித் திருத்தலக் கோவிலுக்குப் போக வேண்டும். மனதில் அழுத்தும் ஒன்றை இறக்கி வைத்ததாக அதற்கு அர்த்தம். அவர் எலுமிச்சை அளவில் ஒன்று எடுத்துக்கொண்டார். அவள் ரொட்டி அளவுக்கு ஒன்றைத் தூக்கி வந்தாள்.

"இவ்வளவு பெரிசா? உனக்கு அப்படி என்ன பாவம் இருக்கு?"

"ஏன், எனக்கு ஒண்ணு இருக்கக் கூடாதா?"

அவர் சிரித்தார். மலை ஏறுவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு. "இந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று தினமும் ஆரம்பிப்பார். "சொல்லுங்க," என்பாள். "கால் வலிக்குதா?" என்று முடிப்பார். இப்படியே பதினோரு நாள் போய்விட்டது.

இன்று பன்னிரண்டாம் நாள்.

ஷூவிலிருந்து எடுத்த உறையை அவசரத்துக்கு ஜெபப்புத்தகத்துக்குள் செருகினார். உடனே மேசையிலிருந்து மனைவியின் குரல்: "ஏங்க, அந்தப் புத்தகத்தைக் கொண்டாங்க. நான் காலை ஜெபம் வாசிக்கிறேன்."

"நானே வாசிக்கிறேன்!"

கண்ணாடி மேல்மாடியில் இருந்தது. உறை இருந்த பக்கம் தானாகத் திறந்துகொள்ள, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார். பாதி வந்த பிறகுதான் அது இறந்தவர்களுக்கான ஜெபம் என்று அவருக்கே தெரிந்தது. எட்டுப் பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டாள், கூட நடந்துவந்த நர்ஸம்மா.

"தூரத்துல... ஒரு சித்தப்பா."

"உங்க சித்தப்பாவா?" என்றாள் மனைவி. "அவரைப் புதைச்சுப் பத்து வருஷமாச்சே! நாம போயிட்டு வந்தோமே!"

"இது வேற சித்தப்பா."

வழி நெடுக ஆள் மாற்றி ஆள் வந்து அவள் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். முன்பின் தெரியாத சித்தப்பாவுக்காக அவளும் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தாள். 'இந்த மனுஷன் என்னத்தையோ மறைக்கிறார்' என்பது போல நடுநடுவே ஒரு பார்வை.

புத்தகத்தில் இனி வைக்க முடியாது. மரத்தின் மறைவில் ஒதுங்கி, உறையைப் பனியனுக்குள், நெஞ்சில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டார். வியர்வையில் அது நழுவ நழுவக் கை தானாக நெஞ்சுக்குப் போனது. நான்காவது தடவை போனதை நர்ஸம்மா பார்த்துவிட்டாள்.

"நெஞ்சு வலியா? உட்காருங்க! துக்க வீட்டுக்காரர் வேற! சட்டையைக் கழட்டுங்க!"

"கழட்ட மாட்டேன்!"

"என்னங்க இது, சின்னப் பிள்ளையாட்டம்?" மனைவி அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "அவங்க பார்த்தா என்ன?"

"எனக்குக் கூச்சமா இருக்கு!"

கடைசியில் மூட்டை ஏற்றும் வண்டியில் மூட்டைகளோடு மூட்டையாக அவரையும் ஏற்றி, மலையடிவார விடுதியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். நாடி பார்த்த நர்ஸம்மா, நன்றாக இருக்கிறது, ஆனால் அசையக் கூடாது என்று கதவுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மனைவி கட்டில் ஓரத்தில் வந்து நின்றாள். எதையோ சொல்ல வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க படுங்க. நான் என் கல்லை வெச்சுட்டு, கீழே கோவில்ல உங்களுக்காக வேண்டிக்கிறேன். பயந்தே போயிட்டேங்க."

அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக அவள் பாட்டு கேட்டது. மலை ஏறிக்கொண்டே பாடினாள். பின்னால் வந்த கூட்டம் ஒவ்வொரு குரலாகச் சேர்ந்துகொண்டது. எங்கோ ஒரு பள்ளியில், வருடா வருடம் வரிசையாக நின்று அவளிடம் கற்றிருக்க வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர்! அத்தனை பேருக்கும் சேர வேண்டிய குரலைத் தான் ஒருவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோமே என்று நினைத்தார். இப்போது அந்தக் குரல் குழம்பு கொதிக்கும்போது குழம்புக்குத்தான் கேட்கிறது. தபால்காரர் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார்.

நர்ஸம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினார்.

வெயில் சாயும் நேரத்துக்குச் சிலுவையடிக்குப் போய்ச் சேர்ந்தார். கூட்டம் இறங்கிவிட்டிருந்தது. துடைப்பத்தோடு ஒரு பெரியவர் மட்டும் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். தபால்காரர் எலுமிச்சைக் கல்லை வைத்தார். பிளாஸ்திரியைப் பிய்த்தார். உறையைக் கல்லுக்கு அடியில் செருகினார். யாரும் பார்க்கவில்லை. இப்படியே இறங்கிப் போய்விட்டால் விஷயம் முடிந்தது.

நான்கு எட்டு வைத்தார். ஐந்தாவது வரவில்லை. முகவரிக்காரர் கையில் சேராத கடிதத்தை, சேர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? திரும்பி வந்து உறையை உருவித் துடைத்தார். நேரே கீழே போய் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். திட்டட்டும், அழட்டும், நாளையிலிருந்து பேசாமலே இருக்கட்டும்.

"ஐயா," என்றார் பெருக்குகிறவர், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு. "தபால்காரர்ங்கிறது நீங்கதானா? பாட்டுக்கார அம்மா ஒருத்தங்க, எப்படியும் நீங்க ஒரு பழைய கவரோட மேல வருவீங்கன்னும், நேர்ல சொல்ல வாய் வரலைன்னும் என்கிட்டச் சொல்லிட்டுப் போனாங்க. அந்தக் கவருல 'வேலை இல்லை'ன்னுதான் எழுதியிருக்காம். அப்ப ஒரு மாசம் வாசல்ல காத்து நின்னப்புறம், ஒருநாள் உங்க சட்டையைத் துவைக்கிறப்ப எடுத்துப் பிரிச்சுப் படிச்சு, மாவுப் பசை போட்டு ஒட்டி, இருந்த இடத்துலயே வெச்சுட்டாங்களாம். சொன்னா காலை டீ நின்னுடுமேன்னு முப்பத்தோரு வருஷமாச் சொல்லலையாம். அதோ, அந்தப் பெரிய கல்லு அதுக்குத்தான்."