பன்றிக்குத் திறந்த புடவை

பிள்ளை பெற்றவளை ராக்காவலுக்குக் கூட்டிப்போகக் கூடாது. அப்படிப் போய் ஒரு கடலைக்கொல்லையைக் கெடுத்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

என் மகள் தேன்மொழி சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, நாச்சியாபுரம் பக்கம் எங்களுக்கிருந்த அரை ஏக்கரில் கடலை போட்டாள். முதல் வெள்ளாமை. "இது வீடு வந்து சேரலைன்னா சென்னைக்கே திரும்பிப் போயிடுறேன்" என்று அவள் அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். கடலை பிடுங்க நாலு நாள் இருக்கையில் பக்கத்துக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது.

பன்றியைக் கொல்லக் கூடாது, விரட்டலாம். அதற்கு எங்கள் பக்கம் கொல்லையைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டிவிடுவார்கள். காற்றில் ஆடும் துணியை ஆள் என்று நினைத்துப் பன்றி ஒதுங்கிப் போகும். என் இருபது வருடப் புடவைகளும் வரிசையாகக் காவலுக்கு நின்றன. (என்னைவிடத் தைரியமாக.)

வேட்டைக்குத் தலைவர் பக்கத்துக் கொல்லைக்காரர் அழகு அண்ணன். அவரிடம் தகரம், தேனுவிடம் டார்ச், பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சரான என்னிடம் விசில்.

"அங்குட்டுச் சலசலங்குது" என்பார் அண்ணன். ஓடினால் மாடு. "இங்குட்டு, இங்குட்டு" என்பார். ஓடினால் நாய். மூன்றாவது சலசலப்பு, புடவையில் கால் சிக்கி விழுந்த நான். வரப்பில் குளம்படி புதிதாக இருந்தது, அதில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. பன்றியை மட்டும் காணோம்.

"தேனு, இருக்கியா?"

"இருக்கேம்மா. பன்னிக்கும் சொல்லியாச்சு."

"அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கக் கூப்புடுறீகளே டீச்சர்," என்றார் அண்ணன். "பன்னிய விரட்ட வந்தீகளா, வருகைப் பதிவு எடுக்க வந்தீகளா?"

மூன்று மணிக்கு அவர் ஒரு மூலைக்கும் தேனு கிணற்றுப் பக்கமும் போனார்கள். நான் தனியே நின்று யோசித்தேன். பன்றி பாய்ந்தால் பிள்ளை ஓடி வருவாள். என்னைப் போலவே புடவையில் சிக்கி விழுவாள். விழுந்தால்? சட்டென்று இரண்டு முடிச்சை அவிழ்த்து, பச்சைப் புடவையை ஒழுங்காகச் சுருட்டி ஓரமாக வைத்தேன். பிள்ளை தப்பிக்க வாசல் தயார்.

அந்த வாசலில் இருட்டு கொஞ்சம் கூடியது போலிருந்தது. அப்புறம் அந்த இருட்டு மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது.

அவ்வளவு பெரிய உடம்பு, சருகு ஒன்றுகூட நொறுங்கவில்லை. உள்ளே வந்து, திரும்பி நின்று, காத்திருந்தது. அணில் மாதிரி வரி போட்ட குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏழு. கடைசிக்குட்டி தயங்கியது. தாய் திரும்பிப் போய் மூக்கால் ஒரு தள்ளு தள்ளிக் கூட்டிவந்தது. போகிறபோது என்னை ஒருமுறை பார்த்தது. ஈரச் சேற்று வாசனை முகத்தில் அடித்தது. விசில் என் வாயில்தான் இருந்தது. ஒரு மைதானத்தையே நிறுத்துகிற விசில். அன்றைக்கு அதில் மூச்சு மட்டும் போய்வந்தது.

விடிந்து பார்த்தால் கொல்லையில் கால்வாசி உழுது போட்டிருந்தது. அழகு அண்ணன் சுருட்டி வைத்த புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னி முடிச்சு அவுக்குமா டீச்சர்?"

ஒப்புக்கொண்டேன். தேனு வரப்பில் உட்கார்ந்து, உழுதுபோட்ட மண்ணிலிருந்து ஒரு கடலையைப் பொறுக்கித் துடைத்தாள். பிறகு, "எத்தனை குட்டிம்மா?" என்றாள்.

"ஏழு."

"கிட்டக்கயா?"

"கைக்கெட்டுற தூரம்."

"கொடுத்து வச்சவ. ராத்திரி பூரா அலைஞ்சு நான் ஒரு வாலைக்கூடப் பாக்கல," என்று எழுந்து, நாலு நாள் காத்திராமல் அன்றைக்கே மீதிக் கடலையைப் பிடுங்கத் தொடங்கினாள்.

முக்கால்வாசி வீடு வந்தது. அவள் சென்னைக்குப் போகவில்லை. இப்போதும் விருந்தாளிகள் வந்தால் என் வீட்டுக்காரர் அவித்த கடலையைத் தட்டில் நீட்டி, "சும்மா சாப்பிடுங்க, எட்டுப் பேர் தின்ன மிச்சந்தான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிடரி மயிர் மட்டும் ஒருமுறை எழுந்து அடங்கும்.